சும்மா கொடுத்ததா, சேர வேண்டியதா? - ஓர் ஆங்கிலச் சொல்லின் கதை

"சும்மா" என்ற சொல் இல்லாமல் தமிழர் வீட்டில் பொழுது விடிவதில்லை. "பக்கத்து வீட்டு மாமி சும்மா கொடுத்தாள்" என்றால் காசு வாங்காமல் கொடுத்தாள் என்று பொருள். "மேனேஜர் சும்மா சத்தம் போட்டார்" என்றால் காரணம் இல்லாமல் சத்தம் போட்டார் என்று பொருள். சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஒன்றைக் கேட்டால் மனம் குளிர்கிறது. மற்றொன்றைக் கேட்டால் மனம் கொதிக்கிறது.

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு. "கிரட்யூயிட்டஸ்" என்பது அது. கடைத்தெருவில் புழங்கும் சொல் அல்ல; கோட்டு மாட்டி, டை கட்டிய சொல். சட்டப் புத்தகம், கோர்ட் தீர்ப்பு, இன்ஷூரன்ஸ் வழக்கு, ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கம் ஆகியவைதான் அது குடியிருக்கும் இடங்கள்.

மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு இந்தச் சொல்லோடு என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. வேலையை விட்டு இறங்கும் நாளில் கைக்கு வரும் பணம், தீபாவளிக்கு முன் கம்பெனி கொடுக்கும் பணம், லாரி விபத்தில் இறந்தவரின் மனைவிக்குக் கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும் பணம் ஆகிய மூன்றும் இந்தச் சொல்லையும் இதன் உடன்பிறப்புகளையும் சுற்றியே நிற்கின்றன.

பிறந்த வீடு

லத்தீன் மொழியில் "கிராட்டுஸ்" என்றொரு சொல் இருந்தது. மனத்துக்கு இனியது, நன்றியுள்ள என்று அதற்குப் பொருள். அதிலிருந்து "கிராட்டியா" வந்தது. அருள், தயவு, நன்றி என்ற மூன்று பொருளையும் அந்த ஒரு சொல்லே தாங்கியது. பணம் எதிர்பார்க்காமல், மனம் விரும்பிக் கொடுப்பதற்கு "கிராட்டூயிட்டுஸ்" என்றார்கள். அந்தச் சொல்தான் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து "கிரட்யூயிட்டஸ்" ஆயிற்று.

இந்தக் குடும்பம் பெரியது. அருளைக் குறிக்கும் "கிரேஸ்", நன்றியுள்ளவரைக் குறிக்கும் "கிரேட்ஃபுல்", வாழ்த்தும்போது சொல்லும் "கங்கிராஜுலேஷன்ஸ்" எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆபீஸ் கடிதங்களில் விலையில்லாப் பிரதிக்கு எழுதும் "கிராட்டிஸ்" என்ற சொல்லும் அந்த வீடுதான். ஒரு நாடு மற்றொரு நாட்டின் தூதரைப் பிடிக்காமல் திருப்பி அனுப்பும்போது "பெர்சோனா நான் கிராட்டா" என்கிறதே, அங்கேயும் இந்த "கிராட்டா"தான் நிற்கிறது. ஓய்வுபெறும்போது வாங்கும் "கிராஜுவிட்டி"யும் சுற்றறிக்கையில் வரும் "எக்ஸ்-கிரேஷியா"வும் அந்த வீட்டில் நமக்கு மிக வேண்டியவர்கள். அவர்கள் கதை பின்னால் வருகிறது.

பொருள் திரும்பியது எப்படி?

விலையில்லாமல் கொடுப்பது என்பதுதான் முதற்பொருள். விலை இல்லாதது என்பதிலிருந்து, கேட்காமலே வந்தது என்ற பொருள் கிளைத்தது. கேட்காமல் வந்தது என்பதிலிருந்து, வேண்டாதது, காரணமற்றது என்ற பொருள் பிறந்தது. "சும்மா" என்ற நம் சொல் நடந்த அதே பாதைதான்.

இன்று ஆங்கிலப் பத்திரிகைகளில் இந்தச் சொல்லைக் கண்டால், பத்தில் ஒன்பது முறை இரண்டாவது பொருளே இருக்கும். "கிரட்யூயிட்டஸ் அட்வைஸ்" என்றால் கேட்காதவருக்குச் சொன்ன புத்திமதி. "கிரட்யூயிட்டஸ் இன்சல்ட்" என்றால் காரணமில்லாத அவமதிப்பு. சினிமா விமர்சனத்தில் "கிரட்யூயிட்டஸ் வயலன்ஸ்" என்று எழுதினால், கதைக்குத் தேவையில்லாத அடிதடி என்று பொருள். சட்டத்தில் மட்டும் பழைய பொருள் மாறாமல் அப்படியே நிற்கிறது.

ஆகவே கடிதம் தயாரிக்கும் குமாஸ்தாக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தர்ம ஆஸ்பத்திரிக்கு நன்கொடை கொடுத்த ஒருவருக்கு, "தங்களுடைய கிரட்யூயிட்டஸ் உதவிக்கு நன்றி" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினால், எழுதியவர் நினைத்தது "கைம்மாறு கருதாத உதவி". படிப்பவர் காதில் விழுவது "யாரும் கேட்காத உதவி". நன்றிக் கடிதம் சண்டைக் கடிதமாகிவிடும்! அந்த இடத்தில் "ஜெனரஸ்" என்று எழுதுவதே நல்லது. "கிரேட்ஃபுல்" என்பதும் இதுவும் ஒன்றல்ல. முன்னது நன்றியுள்ளவரைக் குறிக்கும். பின்னது விலையில்லாததையும் காரணமில்லாததையும் குறிக்கும்.

உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். கிர-ட்யூ-யிட்டஸ் என்று சொல்லிப் பழகினால் நாக்கில் நிற்கும்.

"சும்மா செய்யவில்லை"

1872ஆம் ஆண்டு வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், 70ஆம் பிரிவில் இந்தச் சொல் வினையடையாக வருகிறது. அந்தப் பிரிவின் கருத்து எளிது. ஒருவர் மற்றொருவருக்குச் சட்டப்படி சரியான ஒரு காரியத்தைச் செய்கிறார். இலவசமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. மற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார். அப்படியானால் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும்.

சட்டமே இரண்டு உதாரணங்கள் தருகிறது. வியாபாரி ஒருவர் தவறுதலாகச் சரக்கை வேறொருவர் வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறார். வீட்டுக்காரர் அதைத் தன் சொத்தாக எண்ணிப் பயன்படுத்திக் கொண்டால், விலை கொடுக்க வேண்டும். மற்றொருவர், தீப்பிடித்த வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் பொருள்களைக் காப்பாற்றுகிறார். உதவியாகவே செய்தார் என்று சூழ்நிலை காட்டினால், கூலி கேட்க முடியாது. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரே கேள்விதான்: சும்மா செய்தாரா, இல்லையா?

சென்னை ஹைகோர்ட்டில் 1894இல் ஒரு ஏரி வழக்கு வந்தது. அந்த ஏரியிலிருந்து சர்க்கார் கிராமங்களுக்கும் ஜமீன் கிராமங்களுக்கும் தண்ணீர் பாய்ந்தது. ஏரியைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் சர்க்கார் செலவு செய்து பழுது பார்த்தது. ஜமீன்தார்கள் பங்கு கொடுக்க மறுத்தார்கள். சர்க்கார் இதை இலவசமாகச் செய்யவில்லை. தண்ணீரை அனுபவிப்பவர்கள் பங்கு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வங்காளத்தில் 1944இல், அதிகாரிகள் வாய்வழியாகக் கேட்டதற்கிணங்க ஒரு காண்டிராக்டர் கிடங்குகள் முதலியவற்றைக் கட்டிக் கொடுத்தார். முறைப்படி எழுதிய ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிப் பணம் மறுக்கப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1961இல் காண்டிராக்டர் பக்கம் தீர்ப்பு வந்தது. கட்டடத்தை ஏற்றுப் பயன்படுத்திக்கொண்ட பிறகு, காகிதம் இல்லை என்று கையை விரிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

சென்டிரிங், பெயின்டிங், ஒயரிங் என்று சிறு வேலைகளை எடுத்துச் செய்யும் நம்மவர்கள் பலர், "எழுத்தில் ஒன்றும் இல்லையே" என்று சொன்னதும் பேசாமல் திரும்பி விடுகிறார்கள். எழுத்து இருந்தால் நல்லது. அது இல்லாத ஒரே காரணத்தால் உழைப்பு இலவசமாகி விடாது. செய்த வேலையை மற்றவர் ஏற்றுப் பயன்படுத்தினார் என்பதற்குச் சாட்சியோ, பொருள் வாங்கிய ரசீதோ இருந்தால் வழக்குக்குக் கால் கிடைக்கும்.

லாரியில் சும்மா ஏறியவர்

இதே சொல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வேறு முகம் காட்டுகிறது. சரக்கு லாரியில் யார் யார் போகிறார்கள்? டிரைவரும் கிளீனரும் சுமை தூக்குவோரும் லாரி முதலாளியிடம் வேலை பார்ப்பவர்கள். சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவர் அனுப்பிய ஆள் சில சமயம் கூடப் போவார். இவர்களைத் தவிர, பஸ் கிடைக்காமல் வழியில் கை காட்டி ஏறியவரும் உண்டு. இந்தக் கடைசி ஆளைத்தான் சட்டம் "கிரட்யூயிட்டஸ் பாசஞ்சர்" என்கிறது. அதாவது, சும்மா ஏறியவர்.

விபத்து நேர்ந்தால் இந்தச் சொல்லின் கடுமை தெரியும். சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பா என்ற கேள்விக்கு, 1999ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் "ஆம்" என்றது. 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து அதை மாற்றி, "இல்லை" என்றார்கள். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் சரக்கின் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும்தான் சேர்த்தது; சும்மா ஏறியவரை அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறகு 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, சரக்கு வண்டியின் "கிரட்யூயிட்டஸ்" பயணி விலக்கு என்று அந்தச் சொல்லே சட்டத்தின் வரியில் ஏறிவிட்டது.

டிரைவரின் தவறு நிரூபணமானால் லாரி முதலாளியின் பொறுப்பு போய்விடாது. ஆனால் ஒரே ஒரு பழைய லாரியை வைத்துக் கடனோடு ஓட்டும் முதலாளியிடமிருந்து லட்சக்கணக்கில் வசூலிப்பது எளிதா? கோர்ட் உத்தரவு பெட்டியில் கிடக்கும்; குடும்பம் தெருவில் நிற்கும். சில வழக்குகளில் "கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளட்டும்" என்று கோர்ட் கருணை காட்டியதுண்டு. அதை நம்பி யாரும் லாரி ஏற முடியாது.

ஸ்கூட்டரின் பின்சீட்டும் இந்தக் கணக்கில் வருகிறது. சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்ச "ஆக்ட் பாலிசி" மட்டும் இருந்த ஒரு வழக்கில், பின்சீட்டில் சும்மா உட்கார்ந்து வந்தவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2006இல் தீர்ப்பு வந்தது. "பேக்கேஜ் பாலிசி" எனப்படும் முழு இன்ஷூரன்ஸ் இருந்தால் பின்சீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு. வண்டி வைத்திருப்பவர்கள் பாலிசிக் காகிதத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கொடை உரிமையான கதை

இனி "கிராஜுவிட்டி". ஆங்கிலத்தில் இதன் பழைய பொருள் அன்பளிப்பு. ஹோட்டல் சர்வருக்கு வைக்கும் டிப்ஸுக்கும் இதே பெயர்தான். தமிழில் "பணிக்கொடை" என்று மொழிபெயர்த்தார்கள். கொடை என்றால் கொடுப்பவர் மனம். கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். ஒரு காலத்தில் கிராஜுவிட்டியும் அப்படித்தான் இருந்தது. நீண்ட நாள் உழைத்த கிழவருக்கு முதலாளி மனமிரங்கிக் கொடுத்த பணம் அது.

போனஸின் கதியும் அதுவே. முதல் உலகப் போர் நடந்தபோது, 1917இல், பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தில் 10 சதவீதம் போர்க்கால போனஸ் கிடைத்தது. சில ஆண்டுகள் தொடர்ந்த போனஸை 1923இல் ஆலை முதலாளிகள் நிறுத்தினார்கள். 1924இல் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி சர் நார்மன் மக்லியோட் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. போனஸ் கேட்கத் தொழிலாளருக்குச் சட்டப்படியோ வழக்கப்படியோ உரிமை இல்லை என்று அந்தக் கமிட்டி கூறிவிட்டது. அதாவது, கொடுத்தது எல்லாம் சும்மா கொடுத்தது! நாற்பது ஆண்டுகள் போராடிய பிறகு, 1965இல்தான் போனஸ் சட்டம் வந்தது.

கிராஜுவிட்டிக்கு 1961இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. பம்பாயிலிருந்த ஒரு சலவைத் தொழிலகத்தின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. தவறு செய்து வேலை இழந்த தொழிலாளிக்குக் கிராஜுவிட்டி உண்டா என்பது கேள்வி. கிராஜுவிட்டி இலவசமாகவோ வரமாகவோ கொடுப்பது அல்ல. நெடுநாள் உழைப்புக்குக் கொடுப்பது என்று கோர்ட் கூறிற்று. அந்த இடத்தில் நீதிபதிகள் கையாண்ட சொல் "கிரட்யூயிட்டஸ்லி". கிராஜுவிட்டி "கிரட்யூயிட்டஸ்" அல்ல! ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு சொற்களையும் சுப்ரீம் கோர்ட் பாகம் பிரித்து வைத்துவிட்டது.

பத்திரிகையாளர்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கிராஜுவிட்டி இடம் பெற்றிருந்தது. கேரளம் 1970இலும் மேற்கு வங்காளம் 1971இலும் சட்டம் செய்தன. 1972இல் நாடு முழுவதற்குமான கிராஜுவிட்டி சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல், அதன் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது.

கணக்கு எளிது. கணக்குக்கு எடுக்கும் கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தச் சம்பளம் 13,000 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 500. 15 நாளுக்கு 7,500. 12 ஆண்டு வேலை செய்தவருக்கு 90,000 ரூபாய். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும். பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்த வேலை வேண்டும். இறந்தாலோ, உடல் ஊனமுற்று வேலை செய்ய முடியாமல் போனாலோ ஐந்து ஆண்டு நிபந்தனை இல்லை. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவருக்குப் புதிய தொகுப்பில் ஓராண்டே போதும். பணம் சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதமானால் வட்டி உண்டு.

பென்ஷனும் இதே பாதையில் வந்தது. 1982 டிசம்பர் 17 அன்று, பென்ஷன் என்பது தயவும் அல்ல, தர்மமும் அல்ல என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த நாளை இன்றும் ஓய்வுபெற்றோர் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

"எக்ஸ்-கிரேஷியா" வரும்போது

குடும்பத்தின் கடைசிப் பிள்ளை "எக்ஸ்-கிரேஷியா". "எக்ஸ்" என்றால் "-இலிருந்து". தயவிலிருந்து வருவது என்பது நேர்ப்பொருள். தமிழில் "கருணைத் தொகை" என்கிறார்கள். கடமை எதுவும் இல்லாமல், மனமுவந்து கொடுக்கிறோம் என்று கொடுப்பவர் முன்கூட்டியே சொல்லி வைக்கும் சொல் இது. அடுத்த ஆண்டும் கொடுப்போம் என்ற உறுதி இதில் இல்லை.

சட்டப்படியான போனஸின் சம்பள வரம்புக்கு மேலே இருப்பவர்களுக்குத் தீபாவளி சமயத்தில் இந்தப் பெயரில் பணம் வருவதுண்டு. அதில் தவறில்லை. ஆனால் சட்டப்படி சேர வேண்டிய பணத்துக்கே இந்தப் பெயரைச் சூட்டினால் அங்கே விழித்துக்கொள்ள வேண்டும். ஆலையோ கடையோ மூடும்போது, "எக்ஸ்-கிரேஷியாவாக இவ்வளவு பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து கேட்பார்கள். அவசரத்தில் பலர் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பார்ப்பதில்லை. கிராஜுவிட்டி எவ்வளவு, நோட்டீஸ் சம்பளம் எவ்வளவு, லீவு சம்பளம் எவ்வளவு, எக்ஸ்-கிரேஷியா எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரும்படி கேட்கலாம். கருணைத் தொகை, உரிமைத் தொகைக்கு மேலே வைக்கும் பூவாக இருக்கலாம்; அதன் இடத்தில் உட்காரக் கூடாது. இப்படி எழுதி வாங்கிக்கொண்டாலும், சட்டம் தரும் கிராஜுவிட்டியை ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது.

ரயில் விபத்திலும் இதே பேதம் உண்டு. விபத்து நடந்த இடத்திலேயே அறிவிக்கும் உதவித் தொகை எக்ஸ்-கிரேஷியா. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி கிடைக்கும் நஷ்டஈடு வேறு. உயிரிழப்புக்கு அது 2017 ஜனவரி முதல் 8 லட்சம் ரூபாய். முன்னதை வாங்கியவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊர் திரும்பிவிடக் கூடாது. பின்னதைக் கேட்டு ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். யாத்திரை, திருவிழா, பொங்கல் என்று ஆண்டுக்கு இருமுறை ரயிலேறும் நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

யார் கொடுத்தாலும் நன்றி சொல்வது நம் பண்பு. சம்பளக் கவரை வாங்கும்போதுகூடக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்கள் நம்மவர்கள். அந்தப் பண்பு இருக்கட்டும். கவருக்குள் இருப்பது சும்மா கொடுத்ததா, சேர வேண்டியதா என்று பார்த்துவிட்டு ஒற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.